வேலை கொடுக்கும் கை



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில், நெய்யாற்றின்கரையைக் கடந்து அமரவிளைப் பாலத்தையும் தாண்டினால், பாறசாலைக்கு முன்பாக உதியன்குளங்கரை என்னும் சிற்றூர் வருகிறது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைப்புறம் இது. காலை ஆறரை மணிக்கு இவ்வூர்ச் சந்திப்பில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கையில் சோற்றுப் பாத்திரமும் தோளில் பையுமாக நிற்கும் அவர்களில், முந்திரி ஆலைக்குப் போகிறவர் உண்டு. நகரத்துத் துணிக்கடைக்குப் போகிறவர் உண்டு. வீட்டு வேலைக்கும், மருத்துவமனைக்கும், தலைமைச் செயலகத்துக்கும் போகிறவர்களும் உண்டு. பேருந்து வந்ததும் எல்லாரும் ஒன்றாகவே ஏறுகிறார்கள். அவர்கள் இறங்குமிடத்தில் ஒவ்வொருவருக்கும் மேலாக ஒருவர் இருக்கிறார். கூலி கணக்கிடுவதும், விடுப்புக் கொடுப்பதும், நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்வதும் அந்த ஒருவருடைய கையில் இருக்கின்றன. அந்தக் கையைப் பற்றித்தான் இன்று பேசப் புகுந்தோம்.

பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், மாலை வேளைகளில் ஊர் வாசகசாலையில் அமர்ந்து, வேண்டுவோருக்கு மனு எழுதித் தருவது நம் வழக்கம். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தன் தாயுடன் வந்தாள். தாய் முந்திரி ஆலைத் தொழிலாளி. கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். மகள் நகரத்தில் ஒரு சிறு துணிக்கடையில் விற்பனைப் பெண். "ஒரு இராஜிக் கடிதம் எழுதித் தரவேண்டும், சார், மரியாதையாக இருக்கவேண்டும்" என்றாள். காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டோம். "உடல் நலம் இல்லை என்று எழுதுங்கள்" என்றாள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வரி எழுதியபின் நாம் பேனாவைக் கீழே வைத்தோம். உடல்நலம் கெட்டவள் கண்ணில் அத்தனை கோபம் இருக்க நாம் கண்டதில்லை. சிறிது நேரம் சென்றது. கடை முதலாளி சரக்கறையில் நடந்துகொண்ட முறையைத் தாய்தான் முதலில் சொன்னாள். அதன் விவரம் இங்கே வேண்டியதில்லை. மறுத்த மறுநாள் முதல் அவளுக்கு விற்பனைக் கமிஷன் நின்றது. வேலை நேரம் கூடியது. சக ஊழியர் முன்னிலையில் ஏச்சு விழுந்தது.

தவறு செய்தவர் கடையில் இருக்க, வேலையை விடுபவள் இவள். அதற்கும் மரியாதையான சொற்கள் தேடுகிறாள்! இவ்வழக்கம் ஒரு கடைக்கு உரியதன்று. நாலு தொழிலை ஆராய்ந்தால் நாலிலும் இதே கதைதான் காணக் கிடக்கிறது. இதனை ஒழுக்கக்கேடு என்று மட்டும் சொல்லிவிடுவார் பலர். ஒழுக்கக்கேடு எங்கும் இருப்பதே. வழியில் போகும் போக்கிரியிடமும் உண்டு. ஆனால் போக்கிரியை ஒரு பெண் செருப்பைக் காட்டி விரட்டலாம். சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுகிறவரை அவ்வாறு விரட்ட இயலாது. இங்கே முதற்குற்றம் அதிகாரத்தின் துஷ்பிரயோகம். இச்சை அதன் நிழலிலே ஒதுங்கி நிற்கிறது.

இந்த மண்ணுக்கு இச்செய்தி புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் சாணார் குலப் பெண்கள் மேலாடை அணிதல் கூடாது என்னும் கட்டுப்பாடு இருந்தது. கிறிஸ்தவ சமயம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியதும், சந்தையிலும் சாலையிலும் அவர்கள் ஆடை கிழிக்கப்பட்டது. 1820களிலும், பின்னர் 1858-59இலும் கலவரம் மூண்டது. நெய்யாற்றின்கரை வட்டாரமும் அதற்கு விலக்கன்று. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்ததன்பேரில், 1859 ஜூலை 26இல் மேலாடை உரிமையை வழங்கித் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் செய்தது. அப்பொழுதும், மேற்குலப் பெண்கள் அணியும் பாணியில் அணியலாகாது என்னும் நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. ஒரு பெண் தன் உடலை எவ்வளவு மூடலாம் என்பதை நிலவுடையோனும் அரசாங்கமும் கூடி முடிவு செய்த காலம் அது. தோள்சீலைப் போராட்டத்தை நாம் சமூக வரலாறாகப் படிக்கிறோம். வயலில் கூலிக்கு நின்ற பெண்ணின் வரலாறாகவும் அதனைப் படிப்பது நல்லது.

இன்னொன்று சொல்லவேண்டும். மலையாளத்தின் முதல் திரைப்படமாகிய 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தை எடுத்தவர் ஜே. சி. டேனியல், தென் திருவிதாங்கூர்த் தமிழ் நாடார் குடும்பத்தவர். அதன் கதாநாயகி பி. கே. ரோஸி, புலையர் குலத்தில் பிறந்த ஏழைப் பெண். காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பழகியவள். படம் திருவனந்தபுரம் காபிடல் கொட்டகையில் திரையிடப்பட்டது 1928இலா 1930இலா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடந்ததில் வேறுபாடு இல்லை. தாழ்ந்த குலத்தவள் ஒரு நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றிவிட்டாள் என்று கூட்டம் கொதித்தது. திரையின்மேல் கல் விழுந்தது. அவளுடைய குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சிய ரோஸி, நாகர்கோவில் சென்ற ஒரு லாரியில் ஏறித் தப்பினாள். பெயரை மாற்றிக்கொண்டு, மீதிக் காலத்தைத் தமிழ்நாட்டில் யாரும் அறியாமல் கழித்தாள். நாகர்கோவிலுக்கு அன்றும் பெருவழி இதுவே. அந்த லாரி இந்தச் சந்திப்பைக் கடந்துதான் போயிருக்கவேண்டும். பெயர்ப்பலகை ஒன்றும் இங்கே இல்லை. மலையாளத் திரையின் முதற்பெண் தொழிலை விட்டு ஓடிய சாலையோரத்திலே நின்றுகொண்டு அத்திரையுலகைப் பற்றிப் பேசுவது, நமக்குத் தனி உறவு ஒன்றை உண்டாக்குகிறது.

2017 பிப்ரவரி 17இல், கொச்சிக்கு அருகில் ஓடும் காரினுள் ஒரு நடிகை தாக்கப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவர் வாய்மூடி இருந்துவிடவில்லை, காவல்துறையிடம் சென்றார். அவ்வழக்கில் 2025 டிசம்பரில் எறணாகுளம் அமர்வு நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகளெனக் கண்டு 20 ஆண்டுச் சிறை விதித்தது. சதி செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்ட நடிகர் விடுவிக்கப்பட்டார். ஆனால் நாம் கருதவேண்டியது வழக்கோடு நின்றுவிடவில்லை. நிகழ்ச்சிக்குப் பிறகு திரைத்துறைப் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கி முதலமைச்சரிடம் முறையிட்டனர். அதன் பயனாக 2017 ஜூலையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே. ஹேமா தலைவர், ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி கே. பி. வத்சலகுமாரி ஓர் உறுப்பினர். மற்றவர் நடிகை சாரதா. 'துலாபாரம்' படத்தில் வறுமையால் நசுங்கிய தாயாக நடித்து 1968ஆம் ஆண்டுக்குரிய ஊர்வசி விருது பெற்ற அதே சாரதாதான். திரையில் பெண்ணின் துயரத்தை நடித்துக் காட்டியவர், திரைக்குப் பின்னால் உள்ள துயரத்தைக் கேட்க அமர்ந்தார்.

முதலில் சாட்சி சொல்ல வருவோர் அரிதாக இருந்தனர். வந்தவர்கள் பேசியது அச்சத்தோடு. நட்சத்திரங்கள் மட்டுமல்லர், துணை நடிகைகளும், ஒப்பனை செய்வோரும், சிகை அலங்காரம் செய்வோரும் தங்கள் அனுபவங்களை வைத்தனர். திரையுலகில் 'அட்ஜஸ்ட்மெண்ட்' என்றும் 'காம்ப்ரமைஸ்' என்றும் இரண்டு சொற்கள் வழங்குவதாக அறிக்கை கூறுகிறது. வாய்ப்பு வேண்டுமானால் உடலைக் கொடு என்பதற்குச் சூட்டப்பட்ட நாகரிகப் பெயர்கள் அவை. படப்பிடிப்புக்காக வெளியூரில் தங்கும்போது இரவில் அறைக் கதவு தட்டப்படும் என்பதால், பெற்றோரையோ உறவினரையோ உடன் அழைத்துச் செல்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் எழுத்தில்லாத தடை விழும். அடுத்த படத்திற்கு அழைப்பு வராது. பத்துப் பதினைந்து ஆண்கள் அடங்கிய ஓர் அதிகாரக் கூட்டமே யார் நடிக்கலாம், யார் நடிக்கலாகாது என்பதைத் தீர்மானிப்பதாகச் சாட்சியம் வந்தது.

இவற்றை நாளிதழ்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டன. நம் உள்ளத்தில் தைத்ததோ வேறு ஒரு செய்தி. வெளிப்புறப் படப்பிடிப்பில் கழிப்பறை இல்லை. உடை மாற்ற மறைவிடம் இல்லை. ஆகவே பெண்கள் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று நோய்க்கு ஆளாகிறார்கள். துணை நடிகைகளின் நிலை இதில் மிக மோசம். கோடிக்கணக்கில் செலவாகும் தொழிலிலே ஒரு மறைப்புத் தட்டிக்குப் பணம் இல்லாமல் போகிறது! ஒரு பெண்ணின் உடல் வேதனை பொருட்படுத்தத்தக்கதன்று என்று ஒருமுறை தீர்மானித்த இடத்தில், மற்றக் கொடுமைகள் நுழையக் கதவு திறந்தே இருக்கும்.

அறிக்கை 2019 டிசம்பர் 31இல் அரசிடம் அளிக்கப்பட்டது. பிறகு ஏறத்தாழ நாலரை ஆண்டு அது அலமாரியில் இருந்தது. சாட்சி சொன்னவர்களின் இரகசியம் காக்கப்படவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அது பொய்க் காரணம் அன்று. ஆனால் பெயரை மறைப்பதற்கும் அறிக்கையையே மறைப்பதற்கும் வேற்றுமை இல்லையா? மாநிலத் தகவல் ஆணையம் தலையிட்டபின், சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 19இல் அது வெளிவந்தது. ஒரே வாரத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. சலச்சித்ர அகாதமியின் தலைவர் பதவி விலகினார். 'அம்மா' என்னும் நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழு முழுவதும் விலகியது. 2025 ஆகஸ்டில் அச்சங்கம் முதன்முறையாக ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இதெல்லாம் நடந்தது உண்மை. அறிக்கையில் கண்ட சாட்சியங்களைக் கொண்டு பதிவுசெய்யப்பட்ட வழக்குகள் 2025இல் கைவிடப்பட்டன என்பதும் உண்மையே. குழுவின் முன் பேசிய பெண்கள் காவல்துறையின் முன் பேச முன்வரவில்லை. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. மூடிய அறையில் நம்பிச் சொன்னதை, பெயரும் முகவரியுமாக நீதிமன்றத்திலே, அதே தொழிலில் பிழைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். யார் வீட்டுப் பெண்ணுக்கு நாம் அதனைத் தயங்காமல் சொல்லிக்கொடுப்போம்?

திரைப்படத் தொழிலை மட்டும் பழிப்பது எளிது. பலருக்கு அது இனிக்கவும் செய்யும். ஆனால் காக்கிச் சட்டை அணிந்தவளுக்கும் காப்பில்லை என்பதை 2021இல் தமிழ்நாடு கண்டது. முதலமைச்சரின் பயணப் பாதுகாப்புப் பணியில் இருந்த ஒரு பெண் காவல் கண்காணிப்பாளர், சிறப்பு டி.ஜி.பி. பதவியில் இருந்தவர்மீது புகார் அளிக்கச் சென்னைக்குப் புறப்பட்டபோது, வழியில் சுங்கச்சாவடியருகே அவருடைய கார் மறிக்கப்பட்டது. மறித்தவர்களும் காவலர்களே! அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மாவட்டக் காவலையே ஆளும் பெண்ணின் காரை மறிக்க முடியுமானால், தையல் எந்திரத்தின்முன் குனிந்திருப்பவள் கதி என்ன? அதே 2021 ஜனவரியில், திண்டுக்கல் பகுதியில் ஏற்றுமதித் துணி தைக்கும் ஆலை ஒன்றின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளன் கைதானான். அவன் அவளை நெடுநாளாகத் தொல்லைப்படுத்தி வந்தான் என்று வீட்டாரும் உடன் வேலை செய்தோரும் கூறினர். அவளுடைய தொழிற்சங்கம் ஓயாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனமும், அதனிடம் துணி வாங்கும் வெளிநாட்டு வணிகரும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் பிறந்தது; திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே உலகம் அதனை அழைக்கிறது. தையல் வரிசையிலே பயிற்சி பெற்ற பெண் தொழிலாளரே கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார்கள். சட்டப் புத்தகத்தை விட இவ்வேற்பாட்டின்மேல் நமக்கு நம்பிக்கை அதிகம். புகாரைக் கேட்பவள் பக்கத்து எந்திரத்திலேயே அமர்ந்திருக்கிறாள் அல்லவா?

துணிக்கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தில் விற்பனைப் பெண்கள் பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருக்கவேண்டியிருந்தது; சாய்ந்தால் அபராதம் விழுந்தது; கழிப்பறைக்குப் போகவும் கணக்கு இருந்தது. கோழிக்கோட்டில் விஜி என்னும் தையற்காரப் பெண் முன்னின்று, 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வாயிலாக இதனை எதிர்த்தார். 2018இல் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு, உட்காரும் உரிமை சட்டமாயிற்று. 2021இல் தமிழ்நாடும் அதனைப் பின்பற்றியது. உட்காருவதற்கு ஒரு சட்டம்!

இனி, நம்மிடம் வந்த பெண்ணுக்குச் சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். 1992இல் இராஜஸ்தானத்தில் பன்வாரி தேவி என்ற அரசாங்கத்தின் கிராம சேவகி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக ஊராரால் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானாள். கீழ் நீதிமன்றம் 1995இல் குற்றவாளிகளை விடுவித்தது. ஆனால் அவள் பொருட்டுப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997 ஆகஸ்ட் 13இல் உச்ச நீதிமன்றம் பணியிடத்திற்கு நெறிகள் வகுத்தது. அதுவே 2013இல் சட்டமாயிற்று. பத்து பேருக்கு மேற்படாத இடம் என்றால் அங்கே குழு இராது என்று எண்ணிப் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர் பணிபுரியும் இடத்தில் முதலாளி ஓர் உட்குழு அமைக்கவேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அதற்குக் குறைந்த இடமாயினும், குற்றம் சாட்டப்படுபவர் முதலாளியே ஆயினும், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழு கேட்கும். வீட்டு வேலை செய்பவளுக்கும் அதுவே கதவு. வட்டந்தோறும் புகாரைப் பெறுவதற்கு ஓர் அதிகாரி இருக்கவேண்டும். ஏழு நாளுக்குள் அவர் அதனைக் குழுவுக்கு அனுப்பவேண்டும். புகாரின் ஆறு படிகள் தேவை. விசாரணை 90 நாளில் முடியவேண்டும். எழுதத் தெரியாதவளுக்கு எழுதித் தருவதும் குழுவின் கடமை. புகார் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதற்காக மட்டும் அவளைத் தண்டிக்க முடியாது.

குறைகளும் இருக்கின்றன. விசாரணைக் காலத்தில் புகார் செய்தவளை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்கிறது சட்டம். ஒரே ஒரு கல்லாப்பெட்டி உள்ள கடையில் எங்கே மாற்றுவது? கடைசி நிகழ்ச்சியிலிருந்து மூன்று மாதத்திற்குள் புகார் வரவேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதம். வாய் திறக்கவே மூன்று ஆண்டு ஆகின்ற காரியத்துக்கு இது மிகக் குறுகிய தவணை. ஒரு பெண் பல ஆண்டுகள் கழித்தும் தன் குறையைச் சொல்ல உரிமையுடையவள் என்று 2021 பிப்ரவரியில் தில்லி நீதிமன்றம் ஓர் அவதூறு வழக்கில் தெளிவாகக் கூறியது. இச்சட்டத்தின் தவணை அத்தெளிவை இன்னும் எட்டவில்லை.

இவ்வளவையும் அப்பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. "உங்கள் கடையில் எத்தனை பேர், மகளே?" என்று மட்டும் கேட்டோம். எட்டுப் பேர் என்றாள். கடைசியாக நடந்த நாள் எது என்றோம். அவள் விரல் விட்டு எண்ணினாள். மூன்று மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது. தாய் இடைமறித்தாள்: "வெளியில் தெரிந்தால் இவளுக்கு ஒரு கல்யாணம் காட்சி நடக்குமா, சார்?" நம்மிடம் அதற்கு விடை இல்லை. புகாரின் விவரத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்று சொன்னோம். ஊர்வாய்க்குச் சட்டம் தெரியாது என்பதும் நமக்குத் தெரியும். இராஜிக் கடிதத்தை முடித்தே கொடுத்தோம். கேட்டதைக் கொடுப்பதுதானே முறை. இன்னொரு தாளில், நாள், இடம், நடந்தது, உடனிருந்தோர் என்று கட்டம் போட்டுக் கொடுத்து, இதனை நீயே உன் கையால் எழுது என்றோம்.

ஒன்பதாம் நாள் காலையில் அவளைச் சந்திப்பில் கண்டோம். தாய் அன்று ஆலைக்குப் போகவில்லை, பக்கத்தில் நின்றிருந்தாள். மகள் கையில் ஒரு நீண்ட உறை இருந்தது. "ஆறு படி எடுத்தாயிற்று, சார். அந்த இராஜிக் கடிதம் வீட்டில் இருக்கிறது" என்றாள். குடப்பனக்குன்றில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு எங்கே வண்டி மாறவேண்டும் என்று கேட்டாள். சொன்னோம். களியக்காவிளையிலிருந்து வந்த பேருந்து நின்றது. தாய் முதலில் ஏறி, மகளுக்கு இடம் பிடித்தாள்.